மூன்று மணிக் காய்ச்சல்

கோழிக்குக் காய்ச்சல் வரப்போவதை முதலில் காட்டிக்கொடுப்பது அதன் கொண்டை. உடம்பு சுடுவதற்கு முன்பே கொண்டை வெளுத்துவிடும். தொட்டால் சில்லென்று இருக்கும். அடுத்து கால் விரல்கள் குளிர்ந்துபோகும். பிறகு இறகுகளைச் சிலிர்த்து, கழுத்தை உள்ளே இழுத்து, ஒரு பந்துபோல உட்கார்ந்துவிடும். குளிர்காலத்தில் அடுப்பு மூட்டுவதற்கு முன் கதவு சன்னல்களைச் சாத்துகிறோம் அல்லவா, அதுபோல உடம்பு தன் சூட்டை வெளியே விடாமல் முதலில் அடைத்துக்கொள்கிறது. அதற்கப்புறம்தான் உள்ளே ஏறத் தொடங்கும்.

பஞ்சுக்கை இதை ஆயிரம் தடவையாவது பார்த்திருப்பாள்.

பஞ்சுக்கை என்பது ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு விழுந்த பெயர். பதினோரு வருடமாகக் கோழிகளுக்கு ஊசி போடுவதும் இரத்தம் எடுப்பதும் அவள் வேலை. இறக்கையை விரித்து, உள்பக்கம் ஓடும் நரம்பை இரண்டு விரலால் தடவி, ஊசியை இறக்கி எடுத்துவிடுவாள். கோழி அதுபாட்டுக்குத் தீனியைப் பார்த்துக்கொண்டிருக்கும். கோழிகளுக்குத் தீனி வைத்துக் கூண்டு கழுவும் பெரியவரை எல்லோரும் தீனிக்காரர் என்றே கூப்பிடுவார்கள். தனக்குச் சர்க்கரை ஊசி போட வேண்டிய நாளெல்லாம் அவர் இவளிடம்தான் கையை நீட்டுவார். "கோழிக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா தங்கச்சி? நீயே போட்டுவிடு" என்பார்.

கோழிக்குக் காய்ச்சல் எப்படி உண்டாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே நடந்த ஆராய்ச்சி. நடத்தியவர் டாக்டரம்மா. பஞ்சுக்கையைவிட ஐந்தாறு வயது சிறியவர். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிட மறந்துபோகும் ரகம்.

உள் அறையில் பன்னிரண்டு பழுப்புக் கோழிகள், இடப்பக்கம் ஆறு கூண்டு, வலப்பக்கம் ஆறு கூண்டு. ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கருவி வைத்துத் தைத்திருந்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது உடம்புச் சூட்டைச் சொல்லும். வெளி அறையில் இருந்த கம்ப்யூட்டர் திரையில் பன்னிரண்டு கோடுகளாக அது ஓடிக்கொண்டிருக்கும். நல்ல கோழிக்கு நாற்பத்தொரு டிகிரி. மனிதனுக்கு அந்தச் சூடு வந்தால் பிதற்றத் தொடங்கிவிடுவான்; கோழிக்கு அது அன்றாடம்.

புதன்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு இடது வரிசைக்கு மருந்து ஊசி, வலது வரிசைக்கு வெறும் உப்புத்தண்ணீர் ஊசி. மருந்து என்பது செத்த கிருமிகளின் மேல்தோலைச் சுத்தம் செய்து எடுத்த தூள். அதில் உயிர் கிடையாது, நோயும் கிடையாது. ஆனால் எதிரி உள்ளே நுழைந்துவிட்டான் என்று உடம்பு நம்பிவிடும். பன்னிரண்டு மணிக்குள் இடது வரிசைக் கோடுகள் ஆறும் மேலே கிளம்பும். மறுநாள் காலையில் எல்லாம் பழையபடி இறங்கியிருக்கும். வலது வரிசை ஆறும் ஆடாமல் அசையாமல் நேராகப் போகும். பல மாதங்களாக இதுதான் வழக்கம்.

ஒரு புதன்கிழமை பிற்பகல் தீனிக்காரர் வெளி அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் உள்ள வா."

"என்னண்ணே, எதுவும் செத்துப்போச்சா?"

"நீ வந்து பாரேன்."

அவள் உள்ளே போனாள். சத்தமே இல்லை. பன்னிரண்டு கோழிகள் இருக்கும் அறையில் ஒரு கொக்கரிப்பு இல்லை, தீனித் தட்டில் அலகு படும் டக் டக் இல்லை. யாரோ பன்னிரண்டு வாயையும் ஒரே நேரத்தில் பொத்தியதுபோல இருந்தது. இடது வரிசை உட்கார்ந்திருந்ததில் வியப்பில்லை. ஆனால் வலது வரிசையும் உட்கார்ந்திருந்தது. முதல் கூண்டில் கையை விட்டுக் கொண்டையைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. அடுத்த கூண்டிலும் அப்படியே. சுவர்க் கடிகாரத்தில் மூன்று அடித்து ஐந்து நிமிடம்.

வெளியே வந்து திரையைப் பார்த்தாள். வலது வரிசையின் ஆறு கோடுகளும் ஒரே இடத்தில் தலைதூக்கி மேலே போய்க்கொண்டிருந்தன.

டாக்டரம்மா தாளை அச்செடுத்து நெடுநேரம் பார்த்தார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. உப்புத்தண்ணி பாட்டில்ல மருந்து கலந்திருக்குமா?"

"கலந்திருந்தா மத்தியானமே ஏறியிருக்கணும் மேடம். மூணு மணிக்கு ஏன் ஏறுது?"

பாட்டிலைச் சோதனைக்கு அனுப்பினார்கள். சுத்தமான உப்புத்தண்ணீர் என்று வந்தது. மறுநாள் யாருக்கும் ஊசி போடவில்லை. மூன்று மணிக்குப் பன்னிரண்டும் ஏறின. அதற்கு மறுநாளும் ஏறின.

ஏதோ தொற்றிக்கொண்டது என்று கோழிகளின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. தீனி மூட்டையை மாற்றினார்கள். தண்ணீர்க் குழாயைக் கழற்றிக் கழுவினார்கள். வெயில் இறங்கும் நேரம் என்பதால் இருக்கலாம் என்று சன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டார்கள். மூன்று மணிக்கு ஆள் நடமாட்டமே கூடாது என்று கதவைப் பூட்டிவிட்டு வெளியே உட்கார்ந்தும் பார்த்தாயிற்று. கோடுகள் மூன்று மணிக்கு ஏறி, ஏழு மணிக்கு இறங்கின. காலையில் கோழிகள் நன்றாகத் தின்றன, முட்டையும் இட்டன.

"இதுங்க நம்மளவிட ஒழுங்கா டியூட்டி பாக்குதுங்க" என்றார் தீனிக்காரர்.

இப்படியே இரண்டு மாதம் போனது. கடைசியில் டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. வெளியிலிருந்து கோழிகளிடம் எதையாவது கொண்டுவருவது மனிதர்களாக இருக்கலாம். அந்த அறைக்குள் போய்வரும் மூன்று பேரும் ஒரு நாள் முழுக்க மணிக்கு ஒரு தடவை வாயில் தெர்மாமீட்டர் வைத்து எழுத வேண்டும் என்றார். தீனிக்காரர் ஒவ்வொரு தடவையும் தெர்மாமீட்டரை மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் படித்தார். அவருக்கு முப்பத்தாறரை. டாக்டரம்மாவுக்கும் அதேதான்.

பஞ்சுக்கைக்கும் பிற்பகல் மூன்று மணிவரை அப்படித்தான் இருந்தது. நான்கு மணிக்கு விரல் நுனிகள் குளிர்ந்தன. முதுகில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. அதை அவள் பொருட்படுத்தவில்லை. இரண்டு மாதமாகவே சாயங்காலமானால் அப்படித்தான். வேலை அலுப்பு என்று நினைத்து, பஸ்ஸில் சன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஐந்து மணிக்குத் தெர்மாமீட்டர் முப்பத்தெட்டைத் தாண்டியிருந்தது.

இரவு எட்டு மணிக்கு அன்றைய கணக்கு முடிந்ததும் டாக்டரம்மா அவளுடைய எண்களையும் கம்ப்யூட்டரில் போட்டார். பன்னிரண்டு கோடுகளுக்குக் கீழே பதின்மூன்றாவதாக ஒன்று விழுந்தது. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறிய விதமும் வளைவும் உச்சியில் இருந்த சிறிய பள்ளமும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருந்தன. அவளுடையது மட்டும் ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்தது.

"நான்தான் ஒட்டவெச்சுட்டேனா மேடம்?" என்று கேட்டாள்.

"ஒட்டியிருந்தா உங்களுக்கு முதல்ல வரணும் அக்கா. அதுங்களுக்கு அப்புறம். இங்க தலைகீழா இருக்கு."

"அப்போ அதுங்கதான் எனக்கு..."

"அதுங்க இரத்தம் சுத்தமா இருக்கே." டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். "நாளைக்கு ஞாயிறு. நீங்க வீட்டுலயே இருங்க. மணிக்கு ஒரு தடவை எழுதுங்க. நான் வந்து கோழிகளைப் பாத்துக்கறேன்."

அவள் வீடு ஊரின் மறுகோடியில் இருந்தது. பஸ்ஸில் ஒரு மணி நேரம். கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். எந்த விஷயத்தையும் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு தேய்ந்த சக்கரம் இருக்கும் என்பது அவன் கட்சி. மாடியில் நாத்தனார் குடும்பம் இருந்தது. விஷயம் அவள் காதுக்குப் போனதும் படியில் நின்றபடியே சிரித்தாள்.

"கிளி ஜோசியம் கேள்விப்பட்டிருக்கேன். நீங்க என்ன அண்ணி, கோழி ஜோசியமா?"

"சும்மா இரு. உங்கண்ணன் ஏற்கெனவே போதுமான அளவுக்குக் கிண்டல் பண்ணியாச்சு."

அன்று பிற்பகல் அவள் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். கணவன் எதிரே ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். மூன்று மணி அடித்தபோது இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றும் இல்லை. அவள் வாய்விட்டே சிரித்துவிட்டாள். நாலேகாலுக்கு அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டை கையில் நடுங்கியது. கணவன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் பாதத்தைத் தொட்டான்.

"என்ன இது, ஐஸ் மாதிரி இருக்கு?"

அவள் தெர்மாமீட்டரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை டாக்டரம்மா அவளுக்காக வாசலிலேயே காத்திருந்தார். கையில் ஒரு தாள். அதில் பன்னிரண்டு கோடுகளும் மூன்றேகால் மணிக்கு ஏறத் தொடங்கியிருந்தன. வழக்கமான நேரத்தைவிடப் பதினைந்து நிமிடம் தாமதம். அவளுக்கு நேற்று நடுக்கம் வந்ததும் பதினைந்து நிமிடம் தாமதமாகத்தான்.

"அக்கா, எனக்கு இது புரியல. புரியாததை அப்புறம் பாத்துக்கலாம். உங்களுக்குத் தினமும் காய்ச்சல் வருது. அது மட்டும் எனக்குப் புரியுது. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"சாதாரண அலுப்பு மேடம்..."

"உங்க கோழி எதுக்காவது ரெண்டு மாசமா தினம் காய்ச்சல் வந்தா அலுப்புன்னு விட்டுடுவீங்களா?"

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். இருதய டாக்டர் நரைத்த புருவமும் மெதுவான பேச்சுமாக இருந்தார். அவள் நெஞ்சில் குழலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சின்ன வயசுல மூட்டு வலியோட காய்ச்சல் வந்திருக்கா?"

"வந்திருக்கு. பத்து வயசு இருக்கும்."

"சமீபத்துல பல் பிடுங்கினீங்களா?"

"நாலு மாசம் ஆச்சு டாக்டர்."

சின்ன வயதுக் காய்ச்சல் இருதயத்தில் ஒரு வால்வைச் சொரசொரப்பாக்கிவிட்டுப் போயிருந்தது. பல் பிடுங்கிய இடத்திலிருந்து இரத்தத்தில் கலந்த கிருமி அங்கே போய் ஒட்டிக்கொண்டு, பாசிபோல மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து பிய்ந்து வரும் துணுக்குகள் இரத்தத்தில் ஓடும்போதெல்லாம் உடம்பு காய்ச்சலைக் கிளப்புகிறது என்று அவர் விளக்கினார். அவள் தலையை ஆட்டினாள். கிருமியின் மேல்தோல், ஏமாறும் உடம்பு, குளிரும் விரல், ஏறும் சூடு. இந்தப் பாடத்தைப் பதினோரு வருடமாக இன்னொரு வாயில்லாத ஜீவன் மேல் நடத்திக்கொண்டிருந்தவள் அவள்.

"இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா வால்வு கிழிஞ்சிருக்கும்மா" என்றார் டாக்டர். "நல்ல நேரத்துல வந்தீங்க. எப்படி சந்தேகம் வந்தது?"

அவளும் கூட வந்திருந்த கணவனும் ஒரே சமயத்தில் அவர் கண்ணைத் தவிர்த்துச் சுவரைப் பார்த்தார்கள்.

ஆறு வாரம் படுக்கையில் இருந்து நரம்பு வழியாக மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். முதல் நாள் நர்ஸ் அவள் கையில் நரம்பு தேடி மூன்று தடவை குத்தினாள். நான்காவது தடவை பஞ்சுக்கை தானே நரம்பைத் தடவி இடத்தைக் காட்டினாள்.

முதல் வாரம் காய்ச்சல் நிற்கவில்லை. தினமும் பிற்பகலில் போன் வரும். டாக்டரம்மா "ஏறுது அக்கா" என்பார், அவ்வளவுதான். பஞ்சுக்கை போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருப்பாள். வரப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடுவதில் ஒரு கொடுமை இருந்தது. அந்த ஒரு மணி நேரம் அவள் உடம்பு அவளுடையதாகவே இருக்காது. எங்கோ ஒரு பூட்டிய அறையில் அது ஏற்கெனவே சுடத் தொடங்கியிருக்கும்.

ஐந்தாம் நாள் தீனிக்காரர் பார்க்க வந்தார். அவளிடம் கோழிகளின் சேமலாபம் எல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டு, வெளியே வராந்தாவில் கணவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, இதை யார்கிட்டயும் சொல்லல. மூணு மணிக்கு உக்காருதுங்க பாருங்க, முன்னாடி எல்லாம் கதவைப் பாத்து உக்காரும். பன்னிரண்டும். தங்கச்சி எப்பவும் கதவுக்கு வெளியதான் உக்காந்திருக்கும், அதனாலன்னு நினைச்சேன். இப்ப தங்கச்சி இங்க வந்த அஞ்சு நாளா எல்லாம் திரும்பி, பின்பக்கச் சுவரைப் பாத்து உக்காருதுங்க."

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"சுவர்தான் இருக்கு. சுவருக்கு அப்பால தெரு. அப்படியே நேரா போனா..." தீனிக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவின் தரையை விரலால் காட்டினார்.

அன்று முழுக்கக் கழற்றிப் பார்க்கக் கணவனுக்கு எதுவும் அகப்படவில்லை.

ஒன்பதாம் நாள். மூன்று மணிக்கு போன் வரவில்லை. மூன்றேகாலுக்கும் வரவில்லை. கணவன் போனை எடுத்து எடுத்துப் பார்த்தான். மூன்றரைக்கு அது அடித்தது. அவன் எடுத்து அவள் காதில் வைத்தான்.

"அக்கா." டாக்டரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "ஏறல. நான் நல்லா காத்திருந்து பாத்துட்டுதான் கூப்பிடறேன். பன்னிரண்டும் நேரா போகுது. தீனி தின்னுதுங்க. இந்தாங்க, சத்தத்தைக் கேளுங்க."

போனுக்குள்ளிருந்து கொக்கரிப்பும் தட்டில் அலகு படும் சத்தமும் கலந்து வந்தன. பஞ்சுக்கை கேட்டுக்கொண்டே இருந்தாள். நாலு மணி ஆயிற்று. ஐந்து ஆயிற்று. நர்ஸ் வந்து சூடு பார்த்தாள். முப்பத்தாறு புள்ளி ஏழு. கணவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான்.

அவள் தேறி வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரத்தில் அடுத்த விஷயம் கிளம்பியது. ஆராய்ச்சியின் காலம் முடிந்துவிட்டது. முடிந்ததும் கோழிகளைக் கருணையோடு கொன்று, வயிற்றிலிருந்து கருவிகளை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. எழுதிக் கையெழுத்திட்ட விதி. டாக்டரம்மா போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

கணவன் மறுநாள் வேலைக்குப் போகாமல் நேரே ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய் நின்றான். கோழி ஜோசியம் என்று சிரித்த வீட்டிலிருந்து வந்தவன், டாக்டரம்மாவின் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கெஞ்சினான்.

"மேடம், அதுங்களை விட்டுடுங்க. எங்கிட்ட குடுத்துடுங்க, நான் வளர்க்கறேன். மாடியில கூண்டு அடிச்சுத் தரேன்."

"ஆராய்ச்சிக் கோழியை வெளிய விட முடியாது சார். மருந்து ஏறின உடம்பு."

"அதுங்களுக்கு ஏதாவது ஆனா இவளுக்கு ஒரு மணி நேரம் கழிச்சு..."

டாக்டரம்மா பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து கொண்டிருந்தார். "அப்படி எதுவும் ஆகாதுன்னு சொல்ற அளவுக்குத் தைரியம் எனக்கும் இல்ல சார். இந்த வேலையைத் தள்ளிப் போட்டுக்கிட்டேதான் இருக்கேன். மேல இருந்து ரெண்டு தடவை கேட்டாச்சு."

அவன் வீட்டுக்கு வந்து சொன்னபோது பஞ்சுக்கை செருப்புப் பெட்டிக்குள் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள்.

"நானே வந்து பண்றேன்னு சொல்லிடுங்க."

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"வேற யாராவது போட்டா துடிக்கும். எங்கிட்டன்னா துடிக்காது." செருப்பை எடுத்துத் தூசி தட்டினாள். "அதுங்க எனக்காகச் சுட்டது போதும். என்ன ஆனாலும் அது என் கையாலயே ஆகட்டும்."

அவளைத் தடுக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். தானும் வருவதாகச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு அவள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு உள் அறைக்குள் நுழைந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. உள்ளே இரைச்சலாக இருந்தது. அவள் கதவைச் சாத்தியதும் அது நின்றது. பன்னிரண்டு தலைகளும் ஒரே பக்கமாகத் திரும்பி, ஒவ்வொன்றும் ஒரு கண்ணால் அவளைப் பார்த்தன. தீனிக்காரர் தட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்.

இடது வரிசையின் முதல் கூண்டைத் திறந்து கோழியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொண்டை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. இறக்கையை விரித்தாள். கோழி தானாகவே இறக்கையைத் தளர்த்திக் கொடுத்ததுபோல அவளுக்குத் தோன்றியது. அது நிஜமா என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறாள். ஊசி இறங்கியது. கழுத்து மெல்லச் சாய்ந்து அவள் முழங்கையில் படிந்தது. ஒரு துடிப்பு இல்லை.

ஒவ்வொன்றாக எடுத்தாள். மற்றவை கத்தவில்லை, ஒதுங்கவில்லை. தன் முறைக்குக் காத்திருப்பதுபோல ஒவ்வொன்றும் கூண்டின் கதவருகே வந்து நின்றது. ஏழாவது கோழியின்போது தீனிக்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். கடைசிக் கோழி அவள் மடியில் வந்ததும் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றாக இரண்டு நிமிடம் இருந்தது.

வெளி அறையில் மூன்று பேர் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். டாக்டரம்மாவும் கணவனும் இரண்டு பக்கம், நடுவில் அவள். செத்த உடம்பு உடனே ஆறிவிடாது. பன்னிரண்டு கோடுகளும் அவசரமில்லாமல், ஒரு சரிவில் உருண்டு போவதுபோல இறங்கிக்கொண்டிருந்தன. நாற்பது. முப்பத்தொன்பது. கணவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான்; நாடி பார்க்கத் தெரியாதவன், ஆனாலும் விடவில்லை. அவள் வாயில் தெர்மாமீட்டர் இருந்தது.

மூன்றரைக்குக் கோடுகள் முப்பத்தெட்டுக்கு வந்தன. நாலு மணிக்கு முப்பத்தேழைத் தொட்டன. அவளுக்கு என்ன என்று டாக்டரம்மா தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தார். முப்பத்தாறு புள்ளி ஏழு. நாலேகாலுக்கும் அதேதான். கோடுகள் முப்பத்தாறு புள்ளி ஏழைக் கடந்து கீழே போனபோது கணவன் கண்ணை மூடிக்கொண்டான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறு மணிவரை உட்கார்ந்திருந்தார்கள். வெளியே தீனிக்காரர் கூண்டுகளைக் கழுவும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுது" என்றார் டாக்டரம்மா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

கோழிகளை அறுத்துப் பார்த்த அறிக்கையில் எல்லா உறுப்புகளும் நன்றாக இருந்ததாக எழுதியிருந்தது. அந்த இரண்டு மாதக் கோடுகளை டாக்டரம்மா தன் கட்டுரையில் சேர்க்கவில்லை. கருவிக் கோளாறு என்று எழுத மனம் வரவில்லை, வேறு எதுவும் எழுதத் தெரியவில்லை என்று பஞ்சுக்கையிடம் சொன்னார். பஞ்சுக்கை கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த வருடக் குளிரில் தெருவையே ஒரு சளிக்காய்ச்சல் படுக்கப் போட்டது. முதலில் நாத்தனார் பிள்ளைகள், பிறகு நாத்தனார், பிறகு கணவன். எல்லோருக்கும் முப்பத்தொன்பதைத் தாண்டியது. பஞ்சுக்கைக்கும் வந்தது. தொண்டை கட்டியது, எலும்பெல்லாம் முறித்துப் போட்டதுபோல வலித்தது, இருமி இருமி விலா நொந்தது. ஆனால் தெர்மாமீட்டர் முப்பத்தாறு புள்ளி ஏழில் நின்றது. மாற்றி வேறு ஒன்று வாங்கிப் பார்த்தார்கள். அதுவும் அதையே காட்டியது.

"அண்ணி, உங்களுக்கு மட்டும் ஏன் சுடவே இல்ல?" என்று நாத்தனார் போர்வைக்குள்ளிருந்து கேட்டாள். அவள் குரலில் இப்போது கிண்டல் இல்லை.

இருதய டாக்டர் இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்தார். கிருமி இருந்தது, அதோடு மல்லுக்கட்டும் அணுக்களும் எக்கச்சக்கமாக இருந்தன. காய்ச்சல் மட்டும் இல்லை. இரண்டு மாதம் கழித்து அவள் விரலில் கண்ணாடி கிழித்துச் சீழ் வைத்தபோதும், கை முழங்கைவரை வீங்கியபோதும் அப்படித்தான்.

"சில பேருக்கு உடம்பு சூட்டைக் காட்டாதும்மா" என்றார் அவர். பிறகு அறிக்கையை மறுபடி ஒரு தடவை புரட்டினார். "ஆனா வயசானவங்களுக்கோ ரொம்ப பலவீனமா இருக்கறவங்களுக்கோதான் நான் பாத்திருக்கேன். உடம்புல ஏதாவது சரியில்லன்னா உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்து இரத்தம் குடுத்துட்டுப் போங்க. மறக்காதீங்க."

அவர் ஓர் அட்டையை எடுத்து, சிவப்பு மையில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். அதை அவள் எப்போதும் கைப்பையில் வைத்திருக்கிறாள்.

போன வாரம் அவள் இரத்தம் கொடுக்கப் போனபோது இருந்த நர்ஸ் புதியவள். வழக்கம்போலத் தெர்மாமீட்டரை நீட்டினாள். பஞ்சுக்கை அட்டையை எடுத்துக் கொடுத்தாள். நர்ஸ் அதை முணுமுணுவென்று படித்தாள்: "இவருக்குக் காய்ச்சல் வராது. காய்ச்சல் இல்லை என்பதை வைத்து இவர் நலமாக இருக்கிறார் என்று முடிவு செய்ய வேண்டாம்."

நர்ஸ் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள். பிறகு தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.